தலையாட்டினார்கள், கை குலுக்கினார்கள், வீட்டை வேறு ஆளுக்கு விற்றார்கள்

வீட்டை உங்களுக்கே தருகிறேன் என்று சொன்ன மனிதர், சொலிசிட்டர் என்கிற வக்கீலுக்கும் வீட்டின் நிலையைச் சோதிக்கும் சர்வேயருக்கும் நாம் பணம் அழுது முடித்த பிறகு, பதினைந்தாயிரம் பவுண்டு கூடுதலாகத் தருகிறேன் என்று வந்த இன்னொருவருக்கு அதே வீட்டைத் தூக்கிக் கொடுக்கலாம். இங்கிலாந்தில் இது குற்றமில்லை, ஒப்பந்த மீறல்கூட இல்லை. கசம்பிங் என்று செல்லப்பெயர் வேறு. எங்களுக்கு அது நடந்திருக்கிறது. வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

வடமேற்கு லண்டனில் ஹாரோ பக்கம், மெட்ரோபாலிட்டன் லைன் ரயிலை நம்பி 1930களில் வரிசை வரிசையாகக் கட்டிப்போட்ட, ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டிய செமி டிடாச்டு வீடுகளில் ஒன்று அது. முன்னால் பிதுங்கி நிற்கும் பே ஜன்னல், முகப்பில் டியூடர் காலத்துப் பாவனைக்கு ஒட்டவைத்த கறுப்பு மரச் சட்டம், பின்னால் நீளத் தோட்டம். தெருவில் சத்தமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை யாராவது புல்வெட்டும் மெஷினை ஓட்டினால் அதுதான் திருவிழா. விற்பவர்கள் ஒரு வயதான தம்பதி. உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். எந்த வாரம் எந்தக் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வேண்டும், பாய்லர் மக்கர் பண்ணினால் எந்தக் குமிழைத் திருக வேண்டும், ஆப்பிள் மரத்தை எப்போது கழிக்க வேண்டும் என்று அந்த அம்மா கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். எந்த அறை யாருக்கு என்று பிள்ளைகள் அங்கேயே சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடை மூடும் நேரம் பார்த்து ஏஜென்டிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது. விற்பவர் வேறொரு ஆஃபரை ஏற்றுக்கொண்டிருக்கிறார், உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது, இதே பகுதியில் வேறு வீடுகளும் இருக்கின்றன.

புரிகிறதாம்!

ஊரிலிருந்து அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "அட்வான்ஸ் வாங்கிக்கிட்டாங்களா, அக்ரிமெண்ட் போட்டீங்களா?" இரண்டும் இல்லை. இங்கே ஆஃபரை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்வதெல்லாம் 'சப்ஜெக்ட் டு காண்ட்ராக்ட்', அதாவது ஒப்பந்தம் போட்டால்தான் செல்லும். நிலம், வீடு விற்பனை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டுச் சட்டம். சரி, நல்ல சட்டம்தான். ஆனால் அந்தக் கையெழுத்து உயிர் பெறுவது இரு தரப்பும் ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் நாளில், அதாவது செலவெல்லாம் முடிந்த கடைசிக் கட்டத்தில். அதுவரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. எக்ஸ்சேஞ்ச் அன்று வழக்கமாகப் பத்து சதவீத டெபாசிட் கட்டுகிறோம். அதற்குப் பிறகு நான் பின்வாங்கினால் அந்தப் பணம் போயே போச்சு. ஆக, கட்டிப்போடத் தெரியாத சட்டம் இல்லை இது. என் பர்ஸ் காலியாகும் வரை காத்திருந்து பிறகு கட்டிப்போடுகிற சட்டம்.

ஏஜென்டைத் திட்டலாம் என்றால் அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். எக்ஸ்சேஞ்ச் வரை வருகிற ஒவ்வொரு ஆஃபரையும் விற்பவரிடம் சொல்வது ஏஜென்டின் கடமை, வேண்டாம் என்று அவரே எழுதிக் கொடுத்தால் ஒழிய. வாசலில் 'சோல்டு' பலகை தொங்கினாலும் அதுதான் கதை. அவருக்குக் கமிஷன் கொடுப்பவர் விற்பவர். என்னிடம் பேசும்போது வழிகிற தேனெல்லாம் என் பணத்தை அங்கே கொண்டு சேர்க்கத்தான்.

செலவைச் சொல்கிறேன். கிட்டத்தட்ட நூறு வயதாகப்போகிற வீடு, லண்டன் களிமண் மேல் நிற்கிறது, கோடையில் மண் சுருங்கினால் அஸ்திவாரம் இறங்கும் என்று பயமுறுத்தினார்கள். அதனால் இருப்பதிலேயே விரிவான லெவல் 3 சர்வே, ஆயிரம் பவுண்டைத் தொட்டது. வந்த அறிக்கையைப் படித்தால் சிரிப்பு வரும். தரையில் கார்பெட் இருந்ததால் அடியில் பார்க்க முடியவில்லை. அலமாரி இருந்ததால் சுவரைப் பார்க்க முடியவில்லை. மின் இணைப்புக்கு எலக்ட்ரிஷியனைக் கூப்பிடவும். கூரைக்கு ரூஃபரைக் கூப்பிடவும். பே ஜன்னலுக்கு மேல் மயிரிழை விரிசல் இருக்கிறது, கவலைக்குரியதாகத் தெரியவில்லை, ஆனாலும் என்ஜினியரிடம் கேட்கவும். ஆயிரம் பவுண்டு வாங்கியவர் எனக்குக் கொடுத்தது இன்னும் நான்கு பேரைக் கூப்பிடச் சொல்லும் யோசனை! இதற்கு மேல் 'சர்ச்' (search) என்கிற பதிவுத் தேடல்கள்: கவுன்சில், தண்ணீர் வடிகால், சுற்றுச்சூழல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஊர்த் தேவாலயத்தின் பலிபீடப் பகுதியைப் பழுதுபார்க்கும் கடமை இந்த நிலத்தின் மேல் இருக்கிறதா என்றுகூட ஒரு சோதனை. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வார்விக்‌ஷையரில் ஒரு தம்பதி அப்படிப்பட்ட வழக்கில் 2003இல், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றார்கள்.

இதே வீட்டை இப்போது வாங்கப்போகும் இன்னொருவர் இந்தச் சர்வேயை முதலிலிருந்து செய்வார். அவர் விலகினால் அடுத்தவர் செய்வார். ஒரே கூரை, ஒரே விரிசல், ஆளுக்கு ஆயிரம். ஸ்காட்லாந்தில் 2008 முதல் வீட்டின் நிலவரத்தைச் சொல்லும் ஹோம் ரிப்போர்ட்டை விற்பவரே தயார் செய்து, வாங்க வருகிறவர் கையில் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தும் 2007இல் தகவல் பொதி ஒன்றை விற்பவர்மேல் கட்டாயமாக்கிப் பார்த்தது. 2010இல் ஆட்சி மாறியதும் முதல் வேலையாக அதை நிறுத்திவைத்துப் பிறகு ஒழித்தார்கள். மின்சாரம், வெப்பச் செலவைக் காட்டும் இபிசி சான்றிதழ் மட்டும் மிச்சம்.

இதில் ஸ்டாம்ப் டியூட்டி தனிக் கொடுமை. ஆறு லட்சம் பவுண்டு வீட்டுக்கு, முதல் வீடு வாங்குகிறவர் 2025 மார்ச் வரை கட்டியது 8,750 பவுண்டு. ஏப்ரல் 1 முதல் அதே ஆள் அதே வீட்டுக்குக் கட்ட வேண்டியது 20,000. ஐந்து லட்சத்தைத் தாண்டினால் முதல் வீட்டுக்காரருக்கு எந்தச் சலுகையும் கிடையாது. லண்டன் ஓரத்தில் மூன்று படுக்கையறையோடு தோட்டமும் கேட்பது பணக்காரன் ஆசையாம்.

அமைதியான தெரு என்றேனே, அந்த அமைதியைப் பற்றியும் கொஞ்சம். வீட்டை விற்கும்போது டிஏ6 என்று ஒரு படிவம் நிரப்புவார்கள். அக்கம்பக்கத்தில் தகராறு, புகார் ஏதாவது உண்டா என்று அதில் ஒரு கேள்வி. பொய் சொன்னால் வாங்கியவர் வழக்குப் போடலாம். விளைவு என்ன? இப்போது நாங்கள் வாடகைக்கு இருக்கும் தெருவில் பக்கத்து வீட்டுச் செடிவேலி கூரைவரை ஏறி ஒருவரின் அடுப்படியை இருட்டாக்கி வைத்திருக்கிறது. கவுன்சிலுக்குப் புகார் எழுதுங்களேன் என்றேன். எழுதினால் நாளைக்கு வீட்டை விற்கும்போது படிவத்தில் காட்ட வேண்டும், விலை இறங்கிவிடும் என்று பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு சமைக்கிறார். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து, வானிலை பேசி, உள்ளே போய்ப் பல்லைக் கடிக்கிற இந்த நாகரிகத்தில் பாதி மரியாதை, மீதி மறுவிற்பனை விலை.

வாங்குகிறவர்களும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு முந்தின நாள் "இருபதாயிரம் குறைத்தால்தான்" என்று கழுத்தில் கத்தி வைக்கிறவர்கள் உண்டு. ஒருவர் வீட்டை விற்றால்தான் அடுத்த வீட்டை வாங்க முடியும் என்று செயின்போலக் கோத்திருக்கிறார்கள்; நடுவில் ஒருவர் விலகினால் அவருக்கு முன்னும் பின்னும் இருக்கும் அத்தனை குடும்பமும் பெட்டியைக் கட்டிய நிலையில் நிற்கும். அவர்களையும் கட்டிப்போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

2025 அக்டோபரில் அரசு ஒரு சீர்திருத்த யோசனையை மக்கள் கருத்துக்கு வைத்தது. விற்பவர் தகவலை முன்கூட்டியே தர வேண்டும் என்கிறது, நல்லது. முன்னதாகவே கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தைப் பற்றியும் பேசுகிறது, ஆனால் விருப்பப்பட்டவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்கிற மாதிரி. கையெழுத்தே போடாமல் காரியம் நடக்கிறபோது விற்பவர் எதற்கு விருப்பப்படப் போகிறார்? இப்போதும்கூட இத்தனை வாரம் வேறு யாரோடும் பேச மாட்டேன் என்று எழுதி வாங்க வழி இருக்கிறது. நாங்கள் கேட்டோம். அப்படியெல்லாம் இங்கே வழக்கமில்லையே என்று ஏஜென்ட் புன்னகைத்தார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆஃபரை ஏற்ற அன்றே இரண்டு பக்கமும் ஒரு தொகையைப் பொதுக் கணக்கில் வைக்கட்டும். காரணமில்லாமல் யார் விலகினாலும் எதிராளியின் சர்வே, சர்ச், சொலிசிட்டர் பில் மூன்றும் அதிலிருந்து போகட்டும். பதினைந்தாயிரம் கூடக் கிடைக்கிறது என்று மனம் மாறுகிறவர் தாராளமாக மாறட்டும், எனக்குச் செலவான மூவாயிரத்தை எடுத்து வைத்துவிட்டு மாறட்டும்.