சிவப்பு வால் விமானங்கள்: 27 என்பதே சரியான கணக்கு

இரண்டாம் உலகப் போரில் வாலில் சிவப்பு வண்ணம் பூசிய விமானங்களை ஓட்டிய அமெரிக்கக் கறுப்பின விமானிகளின் 332ஆவது போர் விமானக் குழு, குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகச் சென்றபோது அவற்றில் ஒன்றுகூட எதிரி விமானங்களிடம் வீழ்ந்ததில்லை என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. 1945லேயே பத்திரிகைகள் பரப்பிய கதை இது. அமெரிக்க விமானப்படையின் வரலாற்று ஆய்வே பிற்காலத்தில் ஆவணங்களைப் புரட்டி, இந்தக் குழுவின் காவலில் சென்ற 27 குண்டுவீச்சு விமானங்களை எதிரி விமானங்கள் சுட்டு வீழ்த்தியதைக் காட்டிவிட்டது. மற்ற காவல் குழுக்களின் சராசரியோ 46! கறுப்பின விமானிகளால் போர் விமானம் ஓட்ட முடியுமா என்று ஏளனம் பேசிய ராணுவத்தில் இந்தக் கணக்கு போதாதா? கட்டுக்கதை எதற்கு?

காவல் வேலை எவ்வளவு கடினம் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. இத்தாலியின் ராமிடெல்லியில், துளையிட்ட எஃகுத் தகடுகளைப் பரப்பிய ஓடுபாதையிலிருந்து இவர்களின் மஸ்டாங் ரகப் போர் விமானங்கள் கிளம்பும். விமானியின் முதுகுக்குப் பின்னால் இருந்த எரிபொருள் தொட்டி நிரம்பியிருந்தால் விமானம் தள்ளாடும். அதனால் அந்தத் தொட்டியின் எரிபொருளைத்தான் முதலில் செலவழித்துக் குறைப்பார்கள். குண்டுவீச்சு விமானங்கள் மெதுவாகப் போகும். அவற்றை விட்டு விலகாமலிருக்க மேலே வளைந்து வளைந்து பறக்க வேண்டும், அதுவும் மணிக்கணக்கில். எதிரியைத் துரத்திப் பெயர் வாங்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். குழுவின் தளபதி பெஞ்சமின் டேவிஸ் இதில் கறாரானவர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் கறுப்பினத்தவர் என்பதற்காக நான்கு ஆண்டுகள் சக மாணவர்கள் பேசாமல் ஒதுக்கியும் 1936இல் தேறி வந்த மனிதர் அல்லவா!

1945 மார்ச் 24இல் பெர்லின்வரை போய், மூன்று ஜெர்மன் ஜெட் விமானங்களை இவர்கள் சுட்டு வீழ்த்தியதற்குக் கட்டுரையில் ஒரே வரிதானா? அடுத்த பகுதியிலாவது விரிவாக எழுதுங்கள்.