ரோபோ கையுறை மாட்டினால் கை தானாக வந்துவிடுமா?

"பக்கவாதத்தில் செயலிழந்த கையில் ரோபோ கையுறையை மாட்டிக்கொண்டு சும்மா படுத்திருந்தால் போதும், சில வாரங்களில் கை பழையபடி ஆகிவிடும், பிசியோதெரபியே வேண்டாம்" என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

பிரிட்டனில் 770 பேரிடம் நடந்து 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ராட்டல்ஸ் ஆய்வில், ஒரு பிரிவினருக்கு வாரம் 3 முறை, 45 நிமிடம் வீதம், 12 வாரம் ரோபோ பயிற்சி தரப்பட்டது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களுடைய கையின் செயல்திறன் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்த 2018 காக்ரேன் மதிப்பாய்வு, ரோபோ பயிற்சியால் பலன் உண்டு என்றே சொல்கிறது. ஆக, கருவி பொய்யல்ல, வீடியோ தரும் வாக்குறுதிதான் பொய்.

ரோபோவின் பலமே எண்ணிக்கைதான்: ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான முறை கையை நீட்டி மடக்க வைக்கும். ஆனால் முதல் முயற்சி நோயாளியுடையதாக இருக்க வேண்டும். முடியாத மிச்சத்தை மட்டும் கருவி தள்ளிக் கொடுக்க வேண்டும். முழுவதையும் அதுவே செய்தால் மூட்டு இறுகாமல் இருக்க உதவலாம், மூளை புதிதாகக் கற்பது குறைவு.

வீட்டில் நடக்கும் பெரிய தவறு வேகம். இறுகிய விரல்களைக் கையுறை வெடுக்கென்று இழுத்தால் தசை இன்னும் இறுகும். மிக மெதுவான வேகத்தில் தொடங்குங்கள். மணிக்கட்டு கீழே மடங்காமலும், முன்கை தொங்கித் தோள்மூட்டை இழுக்காமலும் தாங்கு கொடுங்கள். தொடு உணர்வு குறைந்த கையில் வலி தெரியாமல் போகலாம். எனவே கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். தோள் வலித்தாலோ கை வீங்கினாலோ நிறுத்திவிட்டுப் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.