மலையேறி வரும் பணத்தில் மலையில் தங்குவது எவ்வளவு?

2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் இறுதி வரை, வார நாட்களில் 6,000, வார இறுதி நாட்களில் 8,000 சுற்றுலா வாகனங்களுக்கு மேல் நீலகிரிக்குள் அனுமதிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு விதித்தது. அது நடைமுறைக்கு வந்த மறுநாளே மாவட்டம் முழுவதும் வணிகர்கள் கடையடைத்தார்கள். குன்னூரில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் அந்தக் கடைக்காரர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. நாளொன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் மலைக்கு வருகின்றன என்ற விவரத்தைப் பார்த்து நீதிமன்றம் கவலைப்பட்டதும் எனக்குப் புரிகிறது. ஆனால் "பிழைப்புப் போகிறது" என்பவர்களுக்கும் "மலை தாங்காது" என்பவர்களுக்கும் இடையில் இருந்திருக்க வேண்டிய ஒரு கணக்கு இல்லவே இல்லை என்பதுதான் என் வருத்தம். சுற்றுலாவால் இந்த மாவட்டத்து மக்களுக்கு உண்மையில் எவ்வளவு வருமானம் கிடைக்கிறது என்ற கணக்கு அது.

நம்மிடம் இருப்பது தலைக்கணக்கு மட்டுமே. 2019-இல் தமிழ்நாட்டுக்கு வந்த உள்நாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை 49 கோடிக்கும் மேல் என்று ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரம் சொன்னது. மாநிலத்தின் மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பின்படி 7.2 கோடிதான். அந்த எண் மனிதர்களை எண்ணியதல்ல, வருகைகளை எண்ணியது. ஒரே குடும்பம் ஒரே பயணத்தில் மதுரை, இராமேசுவரம், கன்னியாகுமரி மூன்றுக்கும் போனால், அந்தக் குடும்பத்தின் ஒவ்வொருவரும் மூன்று முறை எண்ணப்பட வாய்ப்புண்டு. இதில் பிழை ஒன்றும் இல்லை. எண்ணும் முறை அப்படி. அந்த எண்ணை அப்படியே எடுத்துத் தலைக்கு இத்தனை ரூபாய் என்று பெருக்கி, "சுற்றுலாவால் இத்தனை ஆயிரம் கோடி" என்று அறிவிக்கும்போதுதான் பிழை தொடங்குகிறது.

நாட்டளவில் இதைவிடச் சீரான முறை ஒன்று உண்டு. சுற்றுலாத் துணைக் கணக்கு எனப்படும் அந்த முறைக்கு ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் 2000-இல் ஒப்புதல் அளித்தது. 2008-இல் அது திருத்தப்பட்டது. இந்தியா 2002-03, 2009-10, 2015-16 ஆகிய ஆண்டுகளுக்கு இந்தக் கணக்கைத் தயாரித்திருக்கிறது. உணவகமும் பேருந்தும் உள்ளூர்க்காரருக்கும் பயன்படுகின்றன, பயணிக்கும் பயன்படுகின்றன என்பதால், அவற்றின் வரவில் பயணியின் பங்கு மட்டும் எது என்று பிரித்தெடுப்பதே அதன் அடிப்படை வேலை. ஆனால் நாட்டுக்கு எடுக்கும் கணக்கில் பெரிதாகத் தெரியாத ஒன்று, மாவட்டத்துக்கு எடுக்கும்போது எல்லாவற்றையும் விடப் பெரிதாகிவிடுகிறது. எல்லை தாண்டி வெளியேறும் பணம்தான் அது. பொருளியலில் இதைக் கசிவு என்கிறோம்.

நான் படித்த காலத்தில் பெருக்கி என்ற கருத்தைக் கற்பிக்கும்போது, செலவழித்த ஒரு ரூபாய் கைமாறிக் கைமாறி இரண்டு, மூன்று ரூபாயாகும் என்று சொல்லித் தந்தார்கள். ஒரு சிறிய மலை மாவட்டத்தில் அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்துக்கொள்ளும் எண்களே இவை. அளந்து கண்டவை அல்ல. பயணி ஒருவர் செலவிடும் 100 ரூபாயில் 60 ரூபாய் வெளியூர்ப் பொருளுக்கும் வெளியூர் முதலாளிக்கும் போய்விட, 40 ரூபாய் மட்டும் உள்ளூர் மக்களின் கூலியாகவும் இலாபமாகவும் தங்குகிறது என்று கொள்வோம். அந்த மக்கள் தங்களுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் 30 காசு மட்டுமே மீண்டும் உள்ளூரில் இன்னொருவருக்கு வருமானமாகும்படி செலவிடுகிறார்கள் என்றும் கொள்வோம். 40 ரூபாய்க்குப் பின் 12 ரூபாய், பின் 3.60, பின் 1.08 என்று தேய்ந்துகொண்டே போய், மொத்தம் ஏறத்தாழ 57 ரூபாயில் நின்றுவிடும். நூறு ரூபாய் செலவுக்கு மாவட்டத்துக்குக் கிடைத்த வருமானம் 57 ரூபாய்! ஒவ்வொரு கைமாற்றத்திலும் நடக்கும் விற்பனையைக் கூட்டினால் பெரிய எண் வரும். உள்ளூரில் தங்கும் வருமானத்தை மட்டும் கூட்டினால் வருவது இதுதான். மேடைகளில் சொல்லப்படும் எண் இவ்விரண்டில் எது என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கசிவு எங்கே நடக்கிறது என்று அறிய, ஊட்டியில் ஒரு நாள் நடந்து பார்த்தாலே போதும். ஒரு விடுதியின் உரிமையாளர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தால் இலாபம் அங்கே போகிறது. இணையவழி முன்பதிவு நிறுவனம் அறை வாடகையிலிருந்து எடுக்கும் தரகு மலையேறுவதே இல்லை. அரிசி, எண்ணெய், கோழி எல்லாம் கீழே இருந்து வருகின்றன. "ஹோம்மேட் சாக்லேட்" என்ற பலகை தெருவுக்குத் தெரு தொங்குகிறது, ஆனால் கோகோ இந்தக் குளிரில் விளைவதில்லை. அதில் உள்ளூருக்கு மிஞ்சுவது செய்பவரின் கூலியும் கடைக்காரரின் இலாபமும்தான். நம் மண்ணில் விளையும் கேரட்டிலும் பீட்ரூட்டிலும் பெரும்பகுதி மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏலத்துக்கு இறங்குகிறது. வடமாநிலங்களிலிருந்து வந்து விடுதிகளில் வேலை செய்யும் இளைஞர்கள் தங்கள் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அது அவர்களுடைய உழைப்பின் ஊதியம், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மாவட்டக் கணக்கில் அதுவும் வெளியேறும் பணம்தான். மறுபுறம், உள்ளூர் அடுமனையில் சுடும் வர்க்கி, இங்கேயே காய்ச்சும் தைலம், 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையல் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு மலையிலேயே தங்குகிறது. ஆகவே எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, வந்தவர்கள் எதை வாங்கினார்கள், எங்கே தங்கினார்கள் என்பதே வருமானத்தைத் தீர்மானிக்கிறது.

வாகன வரம்பு பற்றிய வாதத்தையே இந்தக் கண்ணோட்டம் மாற்றிவிடும். இருவர் வரும் காரும் பன்னிருவர் வரும் வேனும் வரம்புக் கணக்கில் ஒவ்வொரு வாகனம்தான். காலையில் கோவையிலிருந்து சோற்று மூட்டையோடு வந்து தாவரவியல் பூங்காவைப் பார்த்துவிட்டு மாலையில் இறங்கும் கார், இரண்டு இரவு தங்கும் கார், இரண்டும் சாலையில் அடைக்கும் இடம் ஒன்றே. விட்டுச் செல்லும் பணம் ஒன்றல்ல. வாகனங்கள் குறைந்து, தங்கும் நாட்கள் கூடினால், வருமானம் குறையாமலே இருக்கக்கூடும். குறையவும் கூடும். எது நடந்தது என்பதை அளந்துதான் சொல்ல முடியும். கடையடைப்பாலும் சொல்ல முடியாது, தீர்ப்பாலும் சொல்ல முடியாது.

எந்த எல்லைக்குள் அளக்கிறோம் என்பதும் விடையை மாற்றும். ஏற்காட்டுக்குப் போகவிருந்த சேலத்துக் குடும்பம் மனம் மாறி ஊட்டிக்கு வந்தால் நீலகிரிக்கு அது ஆதாயம், தமிழ்நாட்டுக்கு ஆதாயம் இல்லை. மைசூரிலிருந்து கூடலூர் வழியாக வரும் குடும்பத்தின் செலவு இரண்டுக்குமே ஆதாயம். இதே மாவட்டத்து வெலிங்டனில் குடியிருப்பவர் மே மாதத்தில் மலர்க் கண்காட்சிக்குப் போய்ச் செலவிடுவது எந்த மாவட்ட ஆதாயக் கணக்கிலும் சேரக் கூடாது, ஏனெனில் அந்தப் பணம் எப்படியும் மாவட்டத்துக்குள்தான் சுழன்றிருக்கும்.

செலவுப் பக்கத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதன் சுமையை இங்கு வாழும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 7.35 இலட்சம் பேர் வாழும் மாவட்டம் இது. பார்சன்ஸ் பள்ளத்தாக்கு நீர் ஊட்டி மக்களுக்கும் போதவேண்டும், விடுதிகளுக்கும் போதவேண்டும். தீட்டுக்கல் குப்பைக் கிடங்குக்குப் போகும் குப்பையை அள்ளுபவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது நகராட்சி. அறை வாடகை மீதான ஜிஎஸ்டி வரியோ ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் பிரிகிறது. வருமானம் ஒருவர் கணக்கிலும் செலவு வேறொருவர் கணக்கிலும் விழும்போது, வருமானத்தை மட்டும் கூட்டி "தாக்கம்" என்று பெயரிடுவது நேர்மையான அளவீடாகாது. இம்மாவட்டத்துச் சீகூர் பீடபூமியின் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு எதிராக 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை, அந்தச் சொகுசு விடுதிகளின் வரவும் வளர்ச்சி என்றே எண்ணப்பட்டு வந்தது.

வேலைவாய்ப்பு எண்ணிலும் இதே கவனம் வேண்டும். ஏப்ரல், மே இரண்டு மாதம் மட்டும் வேலை பெறும் ஒருவரையும், ஆண்டு முழுவதும் வேலையில் இருக்கும் ஒருவரையும் ஒன்றாக எண்ணக் கூடாது. சீசன் முடிந்ததும் பச்சைத் தேயிலை பறிக்கத் திரும்பிப் போகும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சுற்றுலா தந்தது இரண்டு மாதக் கூலி. ஆறு பேரின் அத்தகைய வேலையைச் சேர்த்தால்தான் ஒரு முழு ஆண்டு வேலை.

இவற்றை அளப்பது எட்டாத காரியம் அல்ல என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மலைக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இணையவழியில் அனுமதிச் சீட்டு வழங்கும் இ-பாஸ் 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாகன வகை, வருவோர் எண்ணிக்கை, வரும் நாள், தங்கும் இடம் எல்லாம் விண்ணப்பத்திலேயே பதிவாகின்றன. பயணிகளைப் பற்றி இவ்வளவு முழுமையான பட்டியல் இதற்கு முன் நம்மிடம் இருந்ததில்லை. அதிலிருந்து பெயர், முகவரி நீங்கலாகச் சில ஆயிரம் பயணங்களை மாதிரியாக எடுத்து, செலவு விவரத்தை மட்டும் கேட்டால் போதும். கூடவே, விடுதிகளும் உணவகங்களும் எதை எங்கிருந்து வாங்குகின்றன என்ற கணக்கெடுப்பு ஒன்றும் வேண்டும். அது இல்லாமல் கசிவை அறிய வழியில்லை. சீசனில் குன்னூர் வழியாக ஏறும் வாகனங்கள் கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதை நடைமுறைக்கு வருகிறது. அப்போது மேட்டுப்பாளையம் பக்கம் திரும்பும் வண்டிகள் குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியைக் கடந்துதான் போக வேண்டும். பயணம் முடிந்து, செலவு நினைவில் இருக்கும் நேரம் அது. மே மாதத்தில் பத்து நாட்கள், ஊட்டி அரசு கலைக் கல்லூரி மாணவர்கள் இருபது பேரை உரிய ஊதியத்தோடு அங்கே நிறுத்தி, பத்துக் கேள்விகள் கேட்கச் செய்யுமாறு மாவட்ட நிர்வாகத்தை வேண்டுகிறேன். மைசூரிலிருந்து கூடலூர் வழியாக வருவோருக்குக் கர்நாடக எல்லைச் சாவடியான கக்கநல்லாவிலும் அதையே செய்யலாம். அடுத்த முறை வரம்பை உயர்த்தவோ குறைக்கவோ நீதிமன்றத்துக்குப் போகும்போது, வணிகர் சங்கமும் அரசும் கையில் எடுத்துச் செல்ல ஒரே கணக்கு இருக்கும்.