பதில் சொல்ல முடியாத பேச்சு

பொய்ச் செய்தியைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "மக்கள்தான் யோசித்துப் பகிர வேண்டும்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பொய் எந்தக் காலத்திலும் இருந்தது. துண்டறிக்கையில் இருந்தது, மேடையில் இருந்தது, நாளிதழிலும் இருந்தது. ஆனால் மேடையில் சொன்ன பொய் எதிர்த்தரப்பின் காதிலும் விழுந்தது. மறுநாள் அவர்களும் மேடை போட்டுப் பதில் சொன்னார்கள். இரண்டையும் கேட்டவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பதில் சொல்லும் இந்த வாய்ப்புத்தான் இப்போது நம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

தேர்தல் நேரத்தில் நானும் தம்பியும் எங்கள் போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே செயலி, அதே நேரம், அதே கட்சி. எனக்கு வந்தது வேலைவாய்ப்பு வாக்குறுதி. அவனுக்கு வந்தது இன்னொரு பிரிவு மக்களைக் காட்டிப் பயமுறுத்தும் வீடியோ. அவன் காட்டியிருக்காவிட்டால் அப்படி ஒன்று ஓடுவதே எனக்குத் தெரிந்திருக்காது. கண்ணில் படாத பேச்சை யார் மறுப்பது? எதிர்த்து நிற்கும் வேட்பாளருக்கே அது தெரிய வழியில்லை.

இப்படி ஆளுக்கொரு பேச்சு பேச, ஒவ்வொருவரைப் பற்றியும் தகவல் வேண்டும். தேர்தல் பிரச்சாரத்துக்காக ஃபேஸ்புக் பயனர்களின் தகவலை எடுத்த அரசியல் ஆலோசனை நிறுவனம் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவின் விவகாரம் 2018இல் வெளியே வந்தது. அந்தத் தகவலைத் திரட்டிய வினாடி வினா செயலியை நிறுவியவர்கள் சுமார் 2.7 லட்சம் பேர்தான். அவர்களுடைய நண்பர்கள் பட்டியல் வழியாக 8.7 கோடி பேர் வரை தகவல் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. அந்தக் கோடிக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் அந்தச் செயலியைத் தொட்டதுகூட இல்லை. "நான் கவனமாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

அடுத்தது, நம் திரையில் எந்தப் பதிவை மேலே காட்டுவது என்ற கணக்கு. 2017இல் ஃபேஸ்புக் எமோஜிகளுக்கு ஒரு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்தது. கோபமுகமும் அதில் அடக்கம். ஆத்திரத்தைக் கிளப்பும் பதிவு மேலே ஏறியது. 2021இல் உள் ஆவணங்கள் கசிந்த பிறகுதான் வெளியுலகுக்கு இது தெரிந்தது. அதற்கு முன்பே, 2020இல், கோபமுகத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கியிருந்தார்கள். சரி, நல்லதுதான். ஆனால் கோடிக்கணக்கான மக்கள் எதைப் பற்றிக் கொதிக்க வேண்டும் என்பதை மாற்றியமைக்கும் முடிவை ஒரு அலுவலக அறைக்குள் எடுத்தார்கள், அங்கேயே மாற்றினார்கள். நம்மை யாரும் கேட்கவில்லை.

ஐரோப்பிய நாடான ஸ்லோவாக்கியாவில் நடந்தது இன்னும் மோசம். 2023 செப்டம்பர் 30 அன்று அங்கே தேர்தல். அதற்கு இரண்டு நாள் முன்பு, தேர்தலில் போட்டியிட்ட 'முற்போக்கு ஸ்லோவாக்கியா' கட்சியின் தலைவர் மிகால் ஷிமெச்கா ஒரு பத்திரிகையாளருடன் தேர்தல் மோசடி பற்றிப் பேசுவதுபோல் ஒரு போலி ஆடியோ பரவியது. வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரம் அங்கே பிரச்சாரத்துக்குத் தடை. அமைதியாக யோசித்து வாக்களிக்கட்டும் என்று போட்ட விதி அது. அந்த அமைதிக்குள்தான் பொய் சுற்றியது. முடிவை அது மாற்றியதா என்று நிரூபிப்பது கடினம். பதில் சொல்ல வேண்டியவரின் கையைக் கட்டிப்போட்ட நேரத்தில் அது வந்தது என்பதே எனக்குப் போதுமான அநியாயம்.

"தொழில்நுட்பம் அப்படித்தான், ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப், பலமுறை ஃபார்வேர்ட் ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று மாற்றியது. அத்தகைய செய்திகள் 70 சதவீதம் குறைந்தன என்று அந்த நிறுவனமே சொன்னது. யாருடைய வாயையும் அடைக்கவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தார்கள்.

அதற்காக, எதை நீக்குவது என்ற அதிகாரத்தை அரசாங்கத்திடம் கொடுக்கச் சொல்லவில்லை. 2011 ஜனவரியில் போராட்டம் வெடித்ததும் எகிப்து அரசு நாடு முழுக்க இணையத்தையே துண்டித்தது. நான் கேட்பது வேறு. ஒவ்வொரு அரசியல் விளம்பரமும் யார் காசில், யாரைக் குறிவைத்து, என்ன சொல்லி ஓடுகிறது என்பது எல்லோரும் தேடிப் பார்க்கும்படி பொதுவில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் பெரிய தளங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மீறினால் உலக அளவிலான ஆண்டு வருவாயில் 6 சதவீதம் வரை அபராதம். அங்கே முடிகிறது என்றால் மற்ற நாடுகளிலும் முடியும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், "உங்கள் கட்சி எந்த விளம்பரத்தை யாருக்குக் காட்டுகிறது? முழுப் பட்டியலையும் வெளியிடுவீர்களா?" என்று கேளுங்கள். நான் கேட்கப்போகிறேன்.