இடைவேளை விளையாட்டில் அடிபட்டால் புகாரே கிடையாதா?

“பிரேக்கில் பந்து விளையாடி அடிபட்டால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை, புகாரும் எழுத முடியாது” என்று டர்பன், சாட்ஸ்வர்த் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

தென்னாப்பிரிக்காவின் 1993-ஆம் ஆண்டுப் பணிக்காய இழப்பீட்டுச் சட்டம் கேட்பது இரண்டு: காயம் வேலையின்போது நேர்ந்ததா, வேலையின் காரணமாக நேர்ந்ததா? தொழிலாளர்கள் தாங்களாகவே கூடி ஆடிய ஆட்டம் பெரும்பாலும் தேறாது. மேலாளர் கட்டாயப்படுத்தி ஆடவைத்தது தேறலாம்.

ஆனால் அதை முடிவு செய்வது முதலாளி அல்ல. வேலையால்தான் அடிபட்டது என்று தொழிலாளி சொன்னால், தனக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும் 7 நாளுக்குள் இழப்பீட்டு ஆணையருக்கு முதலாளி தெரிவித்தே ஆகவேண்டும். இதைத்தான் பலரும் மறைக்கிறார்கள்.

கணுக்கால் சுளுக்கு என்றாலும் அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். வாய்ச்சொல்லும் செல்லும், பிறகு மறுத்தால் நிரூபிப்பது கஷ்டம். நேரம், இடம், ஆடச் சொன்னவர், பார்த்தவர் எல்லாம் எழுதி, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.