தாய் பெயர் மட்டும் போதாது என்கிற அரசியல் சாசனம்

நேபாளத்தில் பதினாறு வயதானதும் ஒரு பிள்ளை வாங்க வேண்டிய காகிதம் குடியுரிமைச் சான்றிதழ். அங்கே நாகரிக்தா என்பார்கள். வார்டு அலுவலகத்தில் சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு மாவட்ட நிர்வாக அலுவலகத்துக்குப் போக வேண்டும். அது கையில் இல்லையென்றால் ஓட்டு கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, சொந்தப் பெயரில் நிலம் வாங்க முடியாது. சிம் கார்டு வாங்கப் போனாலும், வங்கியில் கணக்கு தொடங்கப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அப்பா நேபாளியாக இருந்து, கூடவே வந்து நின்றால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அம்மா மட்டும் வந்தால் கேள்விகள் ஆரம்பிக்கும். புருஷன் எங்கே? எந்த நாட்டுக்காரர்? விட்டுவிட்டுப் போனதற்கு என்ன ஆதாரம்?

இந்தக் கேள்விகளை அரசியல் சாசனத்திலிருந்தே எடுத்தெறிய வேண்டும் என்றுதான் நேபாளப் பெண்கள் இத்தனை வருடமாகப் போராடுகிறார்கள். நான் முழுக்க அவர்கள் பக்கம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். ஏனென்றால் நேபாள சாசனம் பற்றி நம் பக்கத்தில் பேச்சு வந்தால், நாடாளுமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிற செய்தியோடு பாராட்டி முடித்துவிடுகிறோம்.

2006இல் மக்கள் இயக்கம் மன்னராட்சியைப் பணிய வைத்தது. தெருவில் இறங்கியவர்களில் பெண்கள் ஏராளம். அதற்கு முன் பத்து வருடம் நடந்த மாவோயிஸ்ட் போரிலும் அவர்கள் துப்பாக்கி தூக்கியிருந்தார்கள். போர் முடிந்து ஐநா சரிபார்த்த 19,602 போராளிகளில் 3,846 பேர் பெண்கள். அப்படிப்பட்ட நாட்டில், இடைக்கால அரசியலமைப்பை எழுத லக்ஷ்மண் பிரசாத் அர்யால் தலைமையில் முதலில் அமைத்த குழுவில் ஒரு பெண்கூட இல்லை. சண்டை போட்ட பிறகுதான் குழுவை விரிவாக்கிப் பெண்களைச் சேர்த்தார்கள். 2008இல் அமைந்த அரசியலமைப்பு அவையில் 601 உறுப்பினர்களில் 197 பேர் பெண்கள். தெற்காசியாவில் வேறெங்கும் அன்றைக்கு இப்படி ஒரு அவை இல்லை.

அந்த அவை சாசனம் எழுதி முடிக்காமலே 2012இல் கலைந்தது. 2013இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அடுத்த அவையும் இழுத்துக்கொண்டே போனது. 2015 ஏப்ரலில் பூகம்பம் வந்து ஏறக்குறைய 9,000 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு பெரிய கட்சிகளுக்குத் திடீரென்று அவசரம் வந்துவிட்டது. ஜூனில் நான்கு கட்சித் தலைவர்கள் கூடி 16 அம்ச உடன்பாடு போட்டார்கள், மாதம் முடிவதற்குள் வரைவு தயார். மக்கள் இன்னும் தார்ப்பாய்க்குக் கீழே படுத்திருந்த நேரம் அது.

அந்த வரைவைப் படித்துவிட்டுப் பெண்கள் கொதித்துப்போனார்கள். வம்சாவளிக் குடியுரிமை, அதாவது பெற்றோர் வழியாக வரும் குடியுரிமை, வேண்டுமென்றால் தாய், தகப்பன் இரண்டு பேருமே நேபாளக் குடிமக்களாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. 2007 இடைக்கால அரசியலமைப்பில் இருவரில் ஒருவர் போதும் என்றுதான் இருந்தது. அதாவது புதிய சாசனம் பழையதை விடவும் பின்னால் போனது. எதிர்ப்புக்குப் பிறகு அந்த இடத்தை மாற்றினார்கள். 2015 செப்டம்பர் 20 அன்று சாசனம் நடைமுறைக்கு வந்தபோது, இருவரில் ஒருவர் நேபாளியாக இருந்தால் போதும் என்று 11ஆவது பிரிவின் தொடக்கத்தில் இருந்தது.

சரி, வெற்றிதானே என்று தோன்றும். அதே பிரிவில் கொஞ்சம் கீழே இறங்கிப் படித்தால் கொடுத்ததைத் திருப்பி வாங்கியிருப்பது தெரியும். நேபாளப் பெண்ணுக்கு நேபாளத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்த பிள்ளை, தகப்பன் யாரென்று தெரியாவிட்டால் வம்சாவளிக் குடியுரிமை பெறலாம். பின்னாளில் தகப்பன் வெளிநாட்டுக்காரர் என்று தெரியவந்தால் அது இயல்புரிமைக் குடியுரிமையாக, அதாவது வெளியாளுக்கு அரசு கொடுக்கும் வகைக் குடியுரிமையாக மாறிவிடும். நேபாளப் பெண் வெளிநாட்டுக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டால் பிள்ளைக்கு இயல்புரிமைதான், அதுவும் நேபாளத்தில் நிரந்தரமாக வசித்து, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காமல் இருந்தால் கிடைக்கலாம். நேபாள ஆணைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பெண்ணுக்குக் குடியுரிமைக்கு வழி உண்டு. நேபாளப் பெண்ணைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டு ஆணுக்கு அப்படி ஒரு வழியே இல்லை.

இயல்புரிமை என்றால் என்ன குறைந்துபோகிறது என்று கேட்பவர்கள் 289ஆவது பிரிவைப் பார்க்கலாம். குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி, சபாநாயகர் ஆகிய பதவிகளுக்கு வம்சாவளிக் குடிமக்கள் மட்டுமே வர முடியும். தாய் வழியில் மட்டும் நேபாளியான பிள்ளை, பிறந்த மண்ணிலேயே வாழ்ந்தாலும் அந்த நாற்காலிகளுக்கு ஆகாது. இத்தனைக்கும் அதே சாசனத்தின் 38ஆவது பிரிவு, பாலினப் பாகுபாடு இல்லாத சமமான வம்சாவளி உரிமை ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு என்கிறது. இந்த இரண்டு பிரிவுகளையும் எழுதியது ஒரே அவை.

இதற்கு அங்கே சொல்லப்படும் காரணம் தேசப் பாதுகாப்பு. இந்தியாவோடு திறந்த எல்லை, தராய் சமவெளியில் எல்லை தாண்டிப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம், இந்திய மாப்பிள்ளைகள் வழியாக நாடு கைமாறிவிடும் என்கிற பயம். சின்ன நாட்டுக்குப் பெரிய அண்டை நாட்டின் மேல் பயம் இருப்பதை நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். 2015இல் சாசனம் வந்த கையோடு எல்லையில் லாரிகள் மாதக்கணக்கில் நின்றதையும், சமையல் கேஸ் இல்லாமல் காட்மாண்டுவாசிகள் விறகு மூட்டியதையும் அவர்கள் எப்படி மறப்பார்கள்? ஆனால் இந்தச் சட்டம் அந்தப் பயத்துக்குப் பதில் இல்லை. நேபாள ஆண் பீகாரில் பெண் எடுத்தால் அவன் பிள்ளை முழு நேபாளி, மனைவிக்கும் குடியுரிமை கிடைக்கும். அவன் தங்கை அதே பீகார் ஊரில் மாப்பிள்ளை எடுத்தால் அவள் பிள்ளை அரைக் குடிமகன். இரண்டு பிள்ளைகளுக்கும் தாய் தகப்பனில் ஒருவர் இந்தியர்தான். பயம் இந்தியாவைப் பார்த்து மட்டும் என்றால் இரண்டு பேரையும் ஒரே மாதிரி நடத்தியிருக்க வேண்டும். ஆணின் ரத்தம்தான் தேசம், பெண் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போகிறவள் என்கிற பழைய கணக்கு இது. தராய் சமவெளியில் வாழும் மாதேசி சமூகத்துப் பெண்களுக்கு இதில் இரட்டை அடி. பெண் என்றும் சந்தேகம், மாதேசி என்றும் சந்தேகம்.

பாதி கொடுப்பது அங்கே புதிதும் அல்ல. 1990களில் வழக்கறிஞர் மீரா துங்கானா மகள்களின் சொத்துரிமைக்காக உச்ச நீதிமன்றம் போனார். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2002இல் சட்டம் திருத்தப்பட்டு மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு வந்தது, ஆனால் கல்யாணமானால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. உள்ளாட்சியிலும் இதே கதை. 2017 தேர்தலில் 14,000க்கும் அதிகமான பெண்கள் ஜெயித்து வந்தார்கள். ஒவ்வொரு வார்டிலும் ஒரு தலித் பெண் உறுப்பினர் இருக்க வேண்டும் என்று உள்ளாட்சித் தேர்தல் சட்டம் சொல்கிறது, இதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் தலைவர், துணைத் தலைவர் வேட்பாளர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற விதியைக் கட்சிகள் எப்படிக் கையாண்டன? தலைவர் இடத்தை ஆணுக்கும் துணைத் தலைவர் இடத்தைப் பெண்ணுக்கும் கொடுத்தன.

என் கருத்து இதுதான். இட ஒதுக்கீட்டைக் கட்சித் தலைவர்கள் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், யார் அந்த நாற்காலியில் உட்காருவது என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம் என்பதுதான். குடியுரிமையில் அது நடக்காது. நான் இந்த நாட்டவள், என் பிள்ளையும் இந்த நாட்டுப் பிள்ளை என்று ஒரு பெண் சொன்னால் அதை அரசு ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும், நடுவில் எந்த ஆணின் சிபாரிசும் தேவையில்லை. அதனால்தான் இந்த இடத்தில் இவ்வளவு பிடிவாதம்.

பெண்கள் உச்சிக்கு வந்தால் தானாகச் சரியாகும் என்றும் சொல்ல முடியவில்லை. 2015 அக்டோபரில் வித்யா தேவி பண்டாரி நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவர் ஆனார். 2022இல் நாடாளுமன்றம் குடியுரிமைத் திருத்த மசோதாவை அனுப்பியது. அவர் திருப்பி அனுப்பினார். அவைகள் மறுபடி நிறைவேற்றி அனுப்பியும், பதினைந்து நாள் கெடு முடியும்வரை கையெழுத்துப் போடவில்லை. ஆயிரக்கணக்கான இளைஞர்களின் காகிதம் அதில் சிக்கியிருந்தது. அடுத்து வந்த ராம் சந்திர பௌடேல் 2023 மே மாதம் ஒப்புதல் கொடுத்தார். அந்தச் சட்டத்திலும், தாய் வழியாகக் குடியுரிமை கேட்டால் தகப்பன் அடையாளம் தெரியவில்லை என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும், அது பொய் என்றானால் தண்டனை. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணும், கைவிடப்பட்ட பெண்ணும், தன் இஷ்டப்படி தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணும் ஒரு அதிகாரி முன்னால் நின்று இதை எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா அந்த மேசைக்குப் போனால் அம்மாவைப் பற்றி இப்படி எதுவும் எழுதித் தர வேண்டியதில்லை.

சுற்றியிருக்கும் நாடுகளைப் பாருங்கள். இந்தியா 1992இலும், பாகிஸ்தான் 2000இலும், இலங்கை 2003இலும், வங்கதேசம் 2009இலும் தாய் வழியாகவும் பிள்ளைக்குக் குடியுரிமை என்று சட்டத்தைத் திருத்திக்கொண்டன. இவற்றில் எந்த நாடும் மாப்பிள்ளைகளால் கைமாறிப் போகவில்லை. தமிழர்களான நமக்கு இந்த வலி தூரத்து விஷயமும் அல்ல. 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தாரா, இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தார்களா என்றுதான் கேட்டது. தேயிலை பறித்துத் தோட்டத்திலேயே பெற்று வளர்த்த தாயை அந்தச் சட்டம் கணக்கிலேயே எடுக்கவில்லை. மலையகத் தமிழர்களில் பல லட்சம் பேர் நாடற்றவர்களாக நின்றார்கள்.

2025 செப்டம்பரில் இளைஞர்களின் எழுச்சி நேபாள அரசைக் கவிழ்த்தது. முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். சாசனத்தைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு மறுபடி எழுந்தது. ஆட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது, ஊழல் ஒழிப்பு என்று பெரிய விஷயங்கள் அடுக்கப்படும்போது 11ஆவது பிரிவு பின்வரிசைக்குத் தள்ளப்படும் என்பதுதான் என் கவலை. 2006இலும் 2015இலும் அப்படித்தான் ஆனது. முதலில் நாடு, அப்புறம் பெண்கள் என்றார்கள்.

பெண்கள் கேட்பது நீளமான பட்டியல் இல்லை. தகப்பன் வெளிநாட்டுக்காரர் என்றால் தகுதியை இறக்கும் விதியை நீக்க வேண்டும். வெளிநாட்டுக்காரரைக் கட்டிய பெண்ணின் பிள்ளைக்கும் ஆணின் பிள்ளைக்கும் ஒரே சட்டம் வேண்டும். மருமகளுக்கு இருக்கும் வழி மருமகனுக்கும் வேண்டும். இதற்கு 275 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையில் 184 ஓட்டும், 59 பேர் கொண்ட தேசிய சபையில் 40 ஓட்டும் போதும்.