எனக்கு முன்னால் படம் அழுதுவிடுகிறது

குடும்பப் படம், உணர்ச்சிகரமான படம், கண்கலங்க வைக்கும் படம் என்று சொல்லிக்கொண்டு வருகிற தமிழ்ப் படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. அழுகை வரவேண்டிய இடத்தில் ஆத்திரம் வருகிறது. காரணம் ஒன்றுதான். திரையில் ஒருவருக்குத் துக்கம் நேர்ந்தால், அதைப் பார்த்து நான் கலங்குவதற்குள் படம் முந்திக்கொண்டு தானே அழுதுவிடுகிறது. வயலின் அழுகிறது. கேமரா நெருங்கிப் போய்க் கண்ணீரில் நிற்கிறது. பக்கத்தில் நிற்கும் சித்தப்பா, இந்த மனுஷன் வாழ்க்கையில் என்னென்ன கஷ்டப்பட்டான் என்று பட்டியல் போடுகிறார். வெளியே மழையும் பெய்கிறது. இத்தனை பேர் அழுது முடித்த பிறகு பார்க்கிறவனுக்கு அங்கே என்ன வேலை?

ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ படங்களில் பார்த்ததுதான். மருத்துவமனை வராந்தா. அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் கதவைத் திறந்து வெளியே வருகிறார். அவர் இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள் பின்னணி இசை ஆரம்பித்தாயிற்று. செய்தியை டாக்டருக்கு முன்னால் இசையமைப்பாளர் சொல்லிவிட்டார். என்ன நடந்திருக்குமோ என்று அந்த அப்பாவோடு சேர்ந்து நானும் ஒரு நொடி பதறியிருக்க வேண்டும். அந்த ஒரு நொடிக்காகத்தான் டிக்கெட் வாங்கினேன். அதைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு இரண்டு நிமிடம் சோகப் பாட்டைக் கொடுக்கிறார்கள். நல்ல நடிகர் முகத்திலேயே எல்லாவற்றையும் கொண்டுவந்திருப்பார். அந்த முகத்தின் மேல் சத்தத்தைக் கொட்டி மூடுகிறார்கள். நடிகருக்கும் துரோகம், நமக்கும் துரோகம்.

இசையே கூடாது என்று சொல்லவில்லை. பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988இல் வந்தது. அதில் பாட்டே கிடையாது. படத்தில் கேட்கும் இசையும் அந்தக் காட்சிகளுக்காக அளந்து போட்டது அல்ல, இளையராஜா அதற்கு முன்பே வெளியிட்டிருந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து எடுத்துக்கொண்டது. அதனால் அந்த இசை ‘இங்கே அழு, இங்கே சிரி’ என்று நமக்கு உத்தரவு போடுவதில்லை. அது பாட்டுக்கு ஒரு பக்கம் போகிறது, காட்சி ஒரு பக்கம் போகிறது, நடுவில் நமக்கு இடம் கிடைக்கிறது.

அந்தப் படத்தின் கதைதான் என்ன? வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வேலைக்குப் போகும் ஒரு பெண், தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு, இருக்கிற நிலத்தில் ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள். அவ்வளவுதான். ஆனால் அந்த வீடு எப்படிக் கட்டப்படுகிறது என்பது முழுக்கப் படத்தில் இருக்கிறது. இருந்த நிலத்தில் ஒரு பகுதியை விற்றது, கடனுக்கு அலைந்தது, ஒப்புதலுக்குக் கொடுத்த லஞ்சம், சிமெண்டைத் திருடும் கான்ட்ராக்டர், அந்தத் திருட்டைப் போட்டு உடைக்கும் சித்தாள் மங்கம்மா. இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்த பிறகு, பாதி கட்டிய அந்த வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாகக் கிளம்பி வருகிறார். தாத்தாவாக நடித்தவர் சொக்கலிங்க பாகவதர். சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். திரும்பும் வழியில் இறந்துபோகிறார். அதற்கும் அப்புறம், அந்த நிலமே குடிநீர் வாரியம் கையகப்படுத்தியது என்று வந்து நிற்கிறார்கள். யாரும் வசனம் பேசி நம்மை உலுக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பெண்ணாக வந்த அர்ச்சனாவுக்கு அந்த நடிப்புக்காகத் தேசிய விருது கிடைத்தது, கிடைக்காமல் இருந்தால்தான் அநியாயம்.

இப்போது வருகிற படங்களில் ‘கடன்’ என்கிறார்கள். எவ்வளவு கடன், யாரிடம் வாங்கியது, வட்டி என்ன, மாதம் எவ்வளவு கட்டுகிறார்கள் என்று கேட்டால் படத்தில் பதில் இல்லை. ‘இஎம்ஐ’ என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் நடுத்தரக் குடும்பத்தின் வலியைக் காட்டியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பதே பல படங்களில் விளங்குவதில்லை. காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்புகிறார், இரவு தளர்ந்து வருகிறார். நடுவில் அவருக்கு என்ன நடந்தது? அதை எழுத உட்கார்ந்து யோசிக்க வேண்டும், நாலு பேரிடம் போய்க் கேட்க வேண்டும். அந்த உழைப்பு இல்லாத இடத்தைத்தான் வயலினால் நிரப்புகிறார்கள்.

அடுத்தது வசனம். ஒரு பாத்திரம் மனதில் என்ன நினைக்கிறது என்பதை அதுவே முழு வாக்கியமாக ஒப்பித்துவிடுகிறது. “நான் உங்களை வெறுக்கலப்பா, நீங்க என்னைப் புரிஞ்சுக்கலன்னுதான் எனக்குக் கோபம்.” எந்த வீட்டில் எந்தப் பிள்ளை அப்பாவிடம் இப்படிப் பேசுகிறது? நம் வீடுகளில் அப்பா மேல் கோபம் என்றால் சாப்பாடு வேண்டாம் என்போம். அப்பாவுக்கு மனம் இளகிவிட்டால், “அவன் சாப்பிட்டானா?” என்று அம்மாவிடம் கேட்பார். மொத்தச் சமாதானமும் அந்த ஒரு கேள்வியில் முடிந்துவிடும். இது தெரியாத தமிழ்க் குடும்பம் உண்டா? அப்புறம் ஏன் திரையில் மட்டும் எல்லோரும் மனநல ஆலோசகரிடம் பேசுவதுபோலத் தங்களைத் தாங்களே விளக்கிக்கொண்டிருக்கிறார்கள்?

உடனே ஒருவர் வருவார், தமிழ் சினிமாவே வசனத்தில் வளர்ந்ததுதானே, ‘பராசக்தி’யை மறந்துவிட்டாயா என்று. மறக்கவில்லை. 1952இல் வந்த அந்தப் படத்தின் நீதிமன்றக் காட்சியில் பேசப்படுவது ‘நான் சோகமாக இருக்கிறேன்’ என்ற தகவல் அல்ல. ஒருவன் ஊரையும் சட்டத்தையும் கோவிலையும் எதிரே நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறான். அங்கே வசனம்தான் சண்டை. நாடக மேடையிலிருந்து வந்த அந்தப் பேச்சுக்கு ஒரு வேலை இருந்தது. இன்றைய விளக்க வசனத்துக்கு அந்த வேலையும் இல்லை. முகத்தில் பார்த்ததைக் காதில் இன்னொரு முறை சொல்கிறது, அவ்வளவுதான்.

பி.எஸ். வினோத்ராஜ் 2024இல் ‘கொட்டுக்காளி’ எடுத்தார். பின்னணி இசையே கிடையாது. ஆட்டோச் சத்தம், காற்று, சேவல், மனிதர்களின் முணுமுணுப்பு. கதாநாயகி ஏறக்குறைய பேசுவதே இல்லை. பேய் பிடித்துவிட்டது என்று குடும்பமே சேர்ந்து அவளைச் சாமியாடியிடம் கூட்டிக்கொண்டு போகிறது. தொண்டை கட்டி, குரல் உடைந்துபோன சூரி பாத்திரத்தின் கோபம் எப்போது வெடிக்கும் என்ற பயம் கூடவே வருகிறது. வழியில் ஒரு காளை பாதையை மறித்து நிற்கிறது. இத்தனை ஆண்களும் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். அதற்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது, என் பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கும் புரிந்தது. முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று அந்தப் படத்தின் மேல் பலருக்குக் கோபம். எனக்கு அந்த முடிவுதான் வேண்டும். அந்தச் சூரி பாத்திரம் இனி என்ன செய்யும் என்று வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்துக்கு வேறென்ன வெற்றி வேண்டும்?

எனக்கு ரொம்பவும் வயிற்றெரிச்சல் தருவது இன்னொன்று. எல்லோரும் உத்தமர்கள்! அப்பா உத்தமர், அம்மா தெய்வம், மகன் கொஞ்சம் தடுமாறி அப்புறம் திருந்துவான், எதிரே நிற்பவன் மட்டும் அயோக்கியன். இதில் எங்கே நாடகம் இருக்கிறது? இரண்டு பக்கமும் நியாயம் இருந்து, இரண்டு நியாயமும் மோதினால்தான் நாற்காலி நுனிக்கு வருவோம். ‘முள்ளும் மலரும்’ 1978இல் வந்தது, மகேந்திரன் இயக்கிய முதல் படம். அதன் நாயகன் காளி நல்லவனா கெட்டவனா? தங்கை மேல் உயிரை வைத்திருக்கிறான், அதே சமயம் முரடன், வீம்பு பிடித்தவன், கை போன பிறகும் இறங்கி வராதவன். அவன் பகைக்கும் இன்ஜினீயர் ஒன்றும் வில்லன் இல்லை, வேலையை ஒழுங்காகப் பார்க்கச் சொல்கிற நேர்மையான மனுஷன். தங்கைக்கு அவரைப் பிடித்திருக்கிறது. யார் பக்கம் நிற்பது? கடைசியில் தங்கை அண்ணனிடமே திரும்பி வந்துவிட, காளி தானே அவளை இன்ஜினீயரிடம் ஒப்படைக்கிறான். ஆனால் அப்போதும் ‘உங்களை எனக்குப் பிடிக்கவில்லை’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறான். இன்றைக்கு அந்தக் காட்சியை எடுத்தால் இருவரையும் கட்டிப்பிடிக்க வைப்பார்கள், காளி மன்னிப்புக் கேட்பான், ஸ்லோ மோஷனில் குடும்பமே சிரிக்கும். பிடிக்கவில்லை என்று சொல்லும் அந்த ஒரு இடத்தில்தான் காளி கடைசிவரை காளியாக இருக்கிறான். அதை விட்டுக்கொடுக்காமல் இருந்ததால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அதைப் பற்றிப் பேசுகிறோம்.

இன்னும் ஒன்று, இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹீரோ அழவேண்டும் என்பதற்காக எத்தனை அம்மாக்களை, அக்காக்களை, மனைவிகளைக் கொன்றிருக்கிறார்கள்! அந்தப் பெண்ணுக்கு என்று ஒரு ஆசை, ஒரு எரிச்சல், ஒரு பிடிவாதம் எதுவும் எழுதியிருக்க மாட்டார்கள். இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்பு இருமுவார். இருமினால் போச்சு. சாவதற்காக மட்டுமே எழுதப்பட்ட ஒருவரின் சாவுக்கு நான் எப்படி அழுவேன்? உயிரோடு இருந்தபோது அவரை எனக்கு அறிமுகமே செய்து வைக்கவில்லையே.

படம் எடுப்பவர்களை மட்டும் திட்டிவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. ஒரு காட்சியில் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருந்தால், தியேட்டரில் நாலாபக்கமும் செல்போன் வெளிச்சம். “செம லாக்” என்று ஒரு குரல். 2024 செப்டம்பரில் ‘மெய்யழகன்’ வந்தது. இரண்டே ஆட்கள், ஒரு இரவு, பேச்சு. தன்மேல் இத்தனை பிரியமாக இருக்கும் ஒருவனுடைய பெயரே தனக்கு நினைவில் இல்லை என்ற கூச்சம் அரவிந்த்சாமி பாத்திரத்துக்கு. அது அவருக்கும் நமக்கும் மட்டும் தெரியும், எதிரே இருப்பவனுக்குத் தெரியாது. அவன் அன்பு காட்டக் காட்ட அந்தக் கூச்சம் ஏறிக்கொண்டே போகிறது. எவ்வளவு எளிய முடிச்சு, எவ்வளவு ஆழம்! அப்படி ஒரு படம் வெளியான சில நாட்களில், நீளம் என்ற புகாருக்காக அதிலிருந்து 18 நிமிடங்களை வெட்டினார்கள். அடிதடிப் படம் மூன்று மணி நேரம் ஓடினால் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு மனிதர்கள் மனம்விட்டுப் பேசினால் மட்டும் நேரம் போகவில்லை. அந்தப் படத்திலும் அழுகை அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு, சில இடங்களில் எனக்கும் அந்த எண்ணம் உண்டு. ஆனால் பெயர் தெரியாத அந்தத் தவிப்பை மெல்ல மெல்லச் சேர்க்க அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக்கூடக் கொடுக்க மாட்டோம் என்றால் இயக்குநர்கள் வயலினைத்தான் எடுப்பார்கள்.

டப்பிங் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. நம் படங்களில் பெரும்பாலும் குரல் பிறகுதான் பதிவாகிறது. படப்பிடிப்பில் உடைந்து அழுத நடிகை, பல வாரம் கழித்து ஏசி அறையில் மைக் முன்னால் நின்று உதட்டசைவுக்கு ஏற்ப மறுபடி அழ வேண்டும். பல சமயம் அழுவது அவர்கூட இல்லை, வேறொருவர். அந்த மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, சொல் தடுக்கும் இடம் எல்லாம் போய்விடுகிறது. சண்டைப் படத்துக்கு இது பெரிய நஷ்டம் இல்லை. உணர்ச்சியை நம்பி எடுக்கும் படத்துக்கு இது உயிர் போகிற விஷயம். அந்த ஓட்டையை அடைக்க மறுபடியும் இசையைத்தான் கூப்பிடுகிறார்கள்.

இதையெல்லாம் கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது. “மக்கள் அழுகிறார்கள் சார், தியேட்டர் வாசலில் போய்ப் பாருங்கள்.” வாசலில் மைக்கை நீட்டி, கண் சிவந்து வருகிறவர்களைப் படம் பிடித்து விளம்பரமாக ஓட்டுகிறார்கள். அம்மா சாவதைக் காட்டினால் அம்மா இருக்கும் எவருக்கும் கண் கலங்கத்தான் செய்யும். அவரவர் அம்மாவை நினைத்துக் கலங்குகிறார்கள். அந்தக் கண்ணீர் பார்க்கிறவர்களின் சொந்தச் சொத்து, அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள அந்தப் படத்துக்கு என்ன உரிமை?

அப்படி எடுக்காவிட்டால் படம் ஓடாது என்பார்கள். 2015இல் ‘காக்கா முட்டை’ ஓடவில்லையா? ரயில் பாதையோரம் கரி பொறுக்கும் இரண்டு பையன்கள், அப்பா சிறையில், அம்மா அவரை வெளியே எடுக்க அலைகிறாள். ஒப்பாரி வைக்க இதைவிட வசதியான கதை கிடைக்குமா? இயக்குநர் மணிகண்டன் வைக்கவில்லை. பையன்களுக்கு பீட்சா சாப்பிட வேண்டும், படம் முழுக்க அதற்காகத்தான் அலைகிறார்கள். அவர்கள் ஏழைகள் என்று படம் பரிதாபப்படவே இல்லை, அவர்களுடைய சாமர்த்தியத்தைப் பார்த்துக்கொண்டே கூட நடக்கிறது. கடைசியில் பீட்சா வாயில் போகிறது, பிடிக்கவில்லை. நான் சிரித்தேன், சிரிக்கும்போதே தொண்டையை அடைத்தது. தேசிய விருதும் வாங்கியது, தியேட்டரில் கூட்டமும் வந்தது. குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாகத்தான் போய்ப் பார்த்தோம். ஆகவே ரசிகனுக்குப் புரியாது, ரசிகன் வரமாட்டான் என்ற சாக்கை இனி யாரும் என்னிடம் சொல்லவேண்டாம். அடுத்த படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கும் ரீ-ரெக்கார்டிங்குக்குப் போகும்போது, அழுகைக் காட்சி ஒன்றை மட்டுமாவது இசை இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போது அந்தக் காட்சி நிற்கவில்லை என்றால், திரும்பப் போய்க் கதையை எழுதுங்கள்.